மூன்று தாய் மட்டிகளைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள மேரியன் (வர்ஜீனியா), பிராங்க்ஃபர்ட் (கென்டக்கி) மட்டிப் பண்ணை நண்பர்களுக்கும், அவர்களோடு கைகோத்த எல்லோருக்கும்,

வணக்கம். நீங்கள் தமிழ் படிக்கப்போவதில்லை, தெரியும். உங்களுக்கு நன்றி சொல்வது எங்கள் ஆட்களின் காதிலும் விழட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் புறப்பட்டு டென்னசிக்குள் ஓடும் கிளின்ச் ஆற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகை மட்டிகள், அதாவது நன்னீர்ச் சிப்பிகள், உண்டு. 1998 ஆகஸ்டில் சீடர் பிளஃப் என்ற ஊர் அருகே ரசாயன டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்ததில் சுமார் 7,000 மட்டிகள் செத்தன. அதில் அடிபட்ட இனங்களில் ஒன்று கோல்டன் ரிஃபிள்ஷெல். பிறகு இந்தியன் கிரீக் என்ற ஓடையில்தான் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் நூறு தேறுமா என்ற நிலை.

2016இல் அந்த ஓடையில் இறங்கி, கல்லோடு கல்லாகக் கிடந்த மட்டிகளுக்குள் லார்வா (முட்டையிலிருந்து வந்த இளம் பருவம்) சுமந்த மூன்று பெண் மட்டிகளைக் கண்டெடுத்தீர்களே, முதல் நன்றி அதற்கு.

மட்டி லார்வா தானாக வளராது. ஒரு மீனின் செவுளில் சில வாரம் ஒட்டிக் கிடந்தால்தான் குஞ்சு மட்டியாகும். இந்த வகையறாவில் தாய் மட்டி, கிட்டே வரும் டார்டர் என்ற சின்ன மீனின் தலையை ஓட்டுக்குள் கவ்விப் பிடித்து, லார்வாக்களைச் செவுளில் ஏற்றிய பிறகே விடும். பெற்ற பிள்ளைகளுக்காக ஆள்கடத்தல்! அப்படி ஏறியதிலும் பெரும்பாலானவை பிழைக்காது. மூன்றே தாய்களை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் எதற்கு என்று லார்வாக்களைக் கென்டக்கிக்கு அனுப்பினீர்கள். பிராங்க்ஃபர்ட்காரர்கள் மீனே இல்லாமல், முயல் ரத்தத்தின் தெளிநீர் (சீரம்) கலந்த கரைசலில் அவற்றை வளர்த்தார்கள். கிடைத்தவை சுமார் 1,600 குஞ்சுகள்! அவற்றை மேரியனில் வாங்கி வளர்த்து, 2017இல் 700 மட்டிகளைக் கிளின்ச்சில் விட்டீர்கள்.

ஆறு என்றாலே மாநிலங்கள் முறைத்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவன் நான். கையிலிருந்த கடைசி விதையைப் பக்கத்து மாநிலத்தை நம்பிக் கொடுத்ததும், அவர்கள் அதைப் பெருக்கித் திருப்பிக் கொடுத்ததும்தான் எனக்கு அறிவியலைவிடப் பெரிய ஆச்சரியம்.

கூட்டாட்சி அரசின் மீன், வனவிலங்குத் துறைக்கும், மட்டி வளர்ப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கும் நன்றி. அப்புறம், மாடுகள் ஆற்றில் இறங்காதபடி கரையில் வேலி போட்ட விவசாயிகளே, உங்களை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் கரை சரிந்து வண்டல் மூடினால், விட்ட மட்டிகளெல்லாம் மூச்சுமுட்டிச் சாகும்.

வேலை முடியவில்லை என்பதும் தெரியும். 2016 முதல் அதே ஆற்றில் ஃபெசன்ட்ஷெல் மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்துவருகின்றன. ஒரு வைரஸ் மேல் சந்தேகம் இருக்கிறது. அதைத் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு முன்கூட்டியே என் நன்றி.

அன்புடன்,
வர்ஜீனியாவில் குடியிருக்கும் ஒரு தமிழன்