இரண்டு பாஸ்போர்ட் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். 2024 ஜூன் 27 முதல் அந்த நாட்டுக் குடியுரிமை பெற, பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை. "அப்புறமென்ன, இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

முடியாது. நம் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவரின் இந்தியக் குடியுரிமை அத்தோடு போய்விடும். எழுதிக்கொடுத்துத் துறக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும்; அந்தப் பழைய பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயணம் செய்தால் அபராதம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை கிடைக்கும், சரி. விசா இல்லாமல் ஆயுளுக்கும் வந்து போகலாம். ஓட்டு கிடையாது, அங்கே வாழ்பவர் இங்கே ஓட்டுப் போடுவதை நானும் கேட்கவில்லை. என் கவலை வயல்தான். மன்னார்குடிப் பக்கம் எனக்கிருக்கும் நெல் வயல் வாரிசாக அவளுக்குப் போகலாம். ஆனால் என் தம்பி தன் பங்கை விற்க நினைத்தால், ஓசிஐ அட்டை வைத்திருப்பவள் அதை விலைக்கு வாங்க முடியாது. விவசாய நிலம் என்றால் தடை. பங்காளிகளுக்குள் கைமாறும் பூர்வீக நிலத்துக்காவது மத்திய அரசு விலக்கு தரவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மன்னார்குடி