வீட்டுல என்ன பாஷைன்னு எங்க புள்ளைககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி

பள்ளிக்கூடத்துப் புள்ளைகள வெச்சு மொழி, அடையாளம்னு ஆராய்ச்சி பண்ற பேராசிரியருங்க, பிஹெச்டி படிக்கற தம்பி தங்கச்சிங்க, அவங்களுக்கு கேட்டைத் தொறந்து விடற ஹெச்எம்முங்க, எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலரா இருக்கறனுங்க. வெளிய பேசறது கொங்குத் தமிழு, ஏனுங்கன்னு ஆரம்பிக்காம எனக்கு வாயே வராது. வீட்டுக்குள்ள வந்துட்டா தெலுங்கு. தண்ணிய நீள்ளுன்னு தான் என்ற பொண்ணு மொதல்ல சொல்லப் பழகுனா, அப்பறம் பால்வாடி போனப்பறம் தான் தண்ணின்னு சொன்னா. இப்ப எட்டாவது படிக்கறா, 13 வயசு. தமிழ்ல அவ தான் கிளாஸ்லயே மொத மார்க்கு.

போன வருசம் ஒரு நாள் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வந்து பாத்தா புள்ள சோறு திங்காம படுத்துக் கெடக்கறா. எங்கம்மா, அவளோட அம்மிச்சி, தெலுங்குல ஏதோ கேக்கறாங்க, இவ தமிழ்லயே பதிலு சொல்றா. அதுவும் மொட்டையா. எனக்கு என்னமோன்னு ஆயிருச்சு. ஒரு வாரம் கழிச்சு தான் கொஞ்சங் கொஞ்சமா வெளிய வந்துச்சு. யூனிவர்சிட்டில இருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்க, நல்லவங்க தானாம், சிரிச்சு சிரிச்சு தான் பேசுனாங்களாம். மிஸ்ஸு அவங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நெனச்சு, வீட்டுல தமிழ் பேசாதவங்க எந்திரிச்சு நில்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. நாலு பேரு எந்திரிச்சாங்களாம். ஒடிசாக்கார பையன் ஒருத்தன், கன்னடம் பேசற புள்ள ஒண்ணு, தெலுங்கு பேசறது என்ற பொண்ணும் இன்னொரு பையனும். பேரு எழுதிக்கிட்டு, ஒவ்வொருத்தரையா பக்கத்து ரூம்புக்குக் கூட்டிட்டுப் போயி, படத்தைக் காட்டி இதை வீட்டுல எப்படிச் சொல்லுவன்னு கேட்டு போன்ல ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. கதவு தொறந்தே இருந்துச்சு, வெளிய பசங்க நின்னு கேட்டு சிரிச்சிருக்கறாங்க.

அது கூடப் பரவால்லைங்க. பொழுதோட வீட்டுக்குத் திரும்பறப்ப, ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சுல உக்காந்த புள்ள இவளைக் கேட்டிருக்கு: "நீங்க தெலுங்கா? அப்ப நீங்க என்ன ஆளுங்க?"

வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு இது புரியாம இருக்கலாம், அதனால சொல்றேன். எங்க கொங்குப் பக்கத்துல வீட்டுப் பாஷைங்கறது வெறும் பாஷை இல்லைங்க. நாயக்கமாரு வீட்டுலயும் தெலுங்கு, அருந்ததியர் வீட்டுலயும் தெலுங்கு, தேவாங்கரு, ஒக்கலிகரு வீடுகள்ல கன்னடம். பாஷையச் சொன்னீங்கன்னா அடுத்த கேள்வி எந்த ஊரு, அதுக்கடுத்த கேள்வி எந்தத் தெரு, அவ்வளவு தான், சாதி வெளிய வந்துரும். நேரா சாதி என்னன்னு கேக்க கூச்சப்படறவங்க கூட பாஷை என்னன்னு சாதாரணமா கேப்பாங்க. நீங்க உங்க பேப்பருல அடையாளம்னு ஒரு வார்த்தைல எழுதறது எங்க புள்ளைக்கு பெஞ்சு மாறி உக்காரற சங்கதி. இத்தன வருசமா அவளா சொல்லாம வெச்சிருந்த ஒண்ணை, சொல்லலாமா வேண்டாமான்னு அவளுக்கு யோசிக்கவே நேரம் குடுக்காம, நாப்பது பேரு முன்னாடி எந்திரிக்க வெச்சு வாங்கிப்போட்டாங்க. அது தானுங்க என்ற வருத்தம்.

அனுமதி வாங்கலையான்னு கேப்பீங்க. வாங்குனாங்க. எல்லாம் நடந்து முடிஞ்ச மறுநாள் டைரில ஒரு பேப்பர் வந்துச்சு, ரெண்டு பக்கம், முழுசும் இங்கிலீசு. நாளைக்குள்ள கையெழுத்து வேணும்னு மிஸ் சொன்னாங்கன்னு பொண்ணு நீட்டுனா, காலைல கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்குது, நானும் போட்டுக் குடுத்தேன். ஸ்காலர்ஷிப் பாரம், டூர் பாரம், தடுப்பூசி பாரம், எல்லாத்துலயும் போடற மாதிரி தான் போட்டேன். பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற பேப்பருக்கு முடியாதுன்னு சொல்லலாம்னே எங்களுக்குத் தெரியாதுங்க. என்ற கையெழுத்து அதுல இருக்குது, ஆனா அது சம்மதம் இல்லை. ஹெச்எம் ஏற்கனவே எல்லா புள்ளைகளுக்கும் சேத்து ஒரு கையெழுத்து போட்டுட்டாருன்னு அப்பறமா தெரிஞ்சுது. பள்ளிக்கூடத்துக்குள்ள வரலாம்னு சொல்றதுக்கு ஹெச்எம்முக்கு உரிமை இருக்குது, என்ற புள்ளையோட வாயில இருந்து வர்ற பேச்சுக்கு அவரு எப்படிங்க சம்மதம் சொல்ல முடியும்?

பக்கத்து லைன் வீட்டுத் தம்பி சட்டம் படிக்கறான், அவன்கிட்ட கேட்டப்ப நெறைய எடுத்துக் காட்டுனான். 1989ல ஐநா சபை கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 12ஆவது பிரிவு, தன்னைப் பத்துன விசயத்துல புள்ளை தன்னோட கருத்தைச் சொல்லலாம், அதுக்கு மதிப்புக் குடுக்கோணும்னு சொல்லுதாம், நம்ம நாடு 1992ல அதை ஏத்துக்கிச்சு. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல போட்ட நெறிமுறைல, பெத்தவங்க சம்மதம் மட்டும் பத்தாது, 7 வயசுல இருந்து 12 வரைக்கும் புள்ளைகிட்ட வாயால ஒப்புதல், 12ல இருந்து 18 வரைக்கும் எழுத்தால ஒப்புதல் வாங்கோணும்னு இருக்குது. அது மருத்துவ ஆராய்ச்சிக்குப் போட்டதுன்னு நீங்க சொல்லலாம். ரத்தம் எடுக்கறதுக்கு கேக்கோணும், பேச்சை எடுக்கறதுக்கு கேக்க வேண்டாமா? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க எல்லாரும் குழந்தைங்க தான், அவங்க தகவலுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும். ஆராய்ச்சிக்கு நிபந்தனையோட விலக்கு வெச்சிருக்காங்களாம். விலக்கு இருக்குதுன்னு சட்டம் சொல்லட்டுங்க, என்ற புள்ள மொகத்தைப் பாத்துக் கேக்கறதுக்கு சட்டமா வந்து தடுக்குது?

இன்னொண்ணும் சொன்னான், அது தான் எனக்கு மனசுல ஒட்டிக்கிச்சு. மக்கள்தொகை கணக்கெடுப்புலயும் தாய்மொழி கேக்கறாங்க, 2011ல தமிழ்நாட்டுல தெலுங்குன்னு சொன்னவங்க 42 லட்சத்துக்கு மேல. ஆனா அவங்க வீட்டுக்கு வந்து திண்ணைல உக்காந்து கேக்கறாங்க, ஆரு என்ன சொன்னாங்கன்னு வெளிய காட்டக்கூடாதுன்னு 1948லயே சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க. சர்க்காரு பெரியவங்ககிட்ட கேக்கறதையே அவ்வளவு பத்தரமா வெச்சுக்குது, இங்க சின்னப் புள்ளைய வரிசைல நிக்க வெச்சுக் கேட்டுப்போட்டீங்க.

ஆராய்ச்சியே வேண்டாம்னு நான் சொல்லலைங்க, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. எங்க தெலுங்குக்கு எங்களுக்கு எழுத்து தெரியாது. எங்கம்மா மாவாட்டறப்ப பாடற பாட்டு, சொல்ற கதை எல்லாம் அவங்களோட போயிரும்னு எனக்கு ராத்திரில தூக்கம் வராது. ஆந்திராக்காரங்க பேசறதும் நாங்க பேசறதும் வேற வேற, அதை ஒருத்தரு உக்காந்து கேட்டு எழுதி வெச்சா எனக்கு அதை விட சந்தோசம் என்னங்க இருக்குது. சத்தியமங்கலம் மலைல ஊராளி, சோளகர் புள்ளைக பேச்சையும் எழுதோணும். அந்த ஒடிசாக்கார பையன் மூணே வருசத்துல நம்ம புள்ளைக மாதிரியே ஏனுங் வாங்னு பேசறான், அதையும் எழுதோணும். ஆனா அவங்கப்பாவுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது இங்கிலீசும் தெரியாது, சாயப்பட்டறைல நைட் ஷிப்ட் பாக்கற மனுசன், அவருகிட்ட அவரு பாஷைல ஒருத்தரு எடுத்துச் சொல்லாம கையெழுத்து வாங்குனா அது என்ன சம்மதம்?

அதனால அடுத்த தடவ வர்றப்ப பேப்பரைத் தமிழ்லயும் அவங்கவங்க பாஷைலயும் ஒரே பக்கத்துல குடுங்க, ஒரு வாரம் முன்னாடியே தாட்டி விடுங்க. ஞாயித்துக்கிழமையாப் பாத்து பெத்தவங்களக் கூப்புட்டு வாயால சொல்லுங்க, நாங்க கேள்வி கேக்கறோம். புள்ளைகிட்ட தனியா கேளுங்க, மிஸ்ஸு அந்த ரூம்புல இருக்கக்கூடாது, மிஸ்ஸு பக்கத்துல நிக்கறப்ப எந்தப் புள்ளைங்க மாட்டேன்னு சொல்லும். கேக்கறதுன்னா எல்லாப் புள்ளைகளையும் கேளுங்க, வீட்டுல தமிழ் பேசற புள்ளைகளையும் சேத்து, அப்ப தான் ஆரு எதுக்குப் போனாங்கன்னு வெளிய தெரியாது. பாதில வேண்டாம்னு சொன்னா விட்டுருங்க, ஏன்னு கேக்காதீங்க. குரலுங்கறது மொகம் மாதிரி தான், பேரை எடுத்துட்டாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சுரும், அதை எங்க வெச்சிருப்பீங்க, எத்தன வருசம், வேற ஆருக்காச்சும் குடுப்பீங்களா, அழிக்கச் சொன்னா அழிப்பீங்களா, இதையெல்லாம் அந்தப் பேப்பருல எழுதுங்க.

அன்னிக்கு வந்த ரெண்டு பேரும் இதைப் படிச்சா, என்ற பொண்ணு குரலு இன்னும் உங்க போன்ல இருக்குதான்னு பள்ளிக்கூடத்து மூலமா ஒரு பதிலு சொல்லுங்க. போன வாரம் அவகிட்ட, மறுபடியும் வந்து கேட்டா என்ன கண்ணு பண்ணுவன்னு கேட்டேன். சித்த நேரம் யோசிச்சுட்டு, வீட்டுக்கு வந்தா பேசறேன், அம்மிச்சியும் கூட இருக்கோணும்னு சொன்னா. நாங்க ஞாயித்துக்கிழமை வீட்டுல தானுங்க இருப்போம்.