நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை: நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பக் கல்வி ஆணையர் அவர்களுக்கும் பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இல்லை. உதகை அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அரசுக் கல்லூரியில் பி.இ. சேர விரும்பும் பிள்ளைகள் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை வழியாகக் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ இறங்கியாக வேண்டும். கலந்தாய்வுக்காகப் பெற்றோரோடு காரைக்குடி வரை அலைந்த காலம் போய், இப்போது வீட்டிலிருந்தே விருப்பப் பதிவு செய்ய முடிகிறது. அந்த மாற்றத்துக்கு நன்றி. ஆனால் எதைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

மாணவர்கள் கல்லூரியின் பெயரையும் சென்ற ஆண்டின் கட்-ஆஃபையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அவர்கள் நேராகச் சென்று அமரும் மூன்றாம் பருவத்தை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இயந்திரவியல் மாணவருக்கு மூன்றாம் பருவக் கணிதத்தில் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வருகின்றன. உடன் அமர்ந்திருப்பவர்கள் அதற்கு முன் இரண்டு பருவம் பொறியியல் கணிதம் படித்தவர்கள். லேத்திலும் வெல்டிங்கிலும் அவர்களைவிடக் கை தேர்ந்த டிப்ளமோ மாணவர், வகையீடு தொகையீட்டின் அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் உட்காருகிறார். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு என்பதால், ஒரே டிப்ளமோவுக்கு ஒரு கல்லூரியில் சிறு இடைவெளியும் இன்னொன்றில் பெரும் பள்ளமும் இருக்கக்கூடும்.

சென்ற ஜூன் மாதம் சேரம்பாடிப் பக்கத்து மாணவி ஒருவர் பெற்றோருடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். கூடலூரில் அச்செடுத்த இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டங்களை விரித்து, படித்த அலகுகளுக்குப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போனார். இயந்திரப் பட்டறைப் பாடங்களில் டிக் நிறைந்தது; கணிதத் தாளில் ஒரு அலகுக்குக்கூட விழவில்லை. "இதுக்கு அங்க தனியா கிளாஸ் எடுப்பாங்களா சார்?" என்று கேட்டார். இரு கல்லூரிகளின் இணையதளங்களிலும் தேடினோம், பதில் இல்லை.

பி.எஸ்சி. முடித்து இதே வழியில் வருபவர், முதலாண்டின் பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் ஆகிய தாள்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு முடிக்க வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தெளிவாக விதித்திருக்கிறது. டிப்ளமோ மாணவருக்கு விடுபட்டதை ஈடுகட்டும் இணைப்புப் பாடங்களோ பல்கலைக்கழகம், கல்லூரி ஆகியவற்றின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. அப்படியானால் கல்லூரிகள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எங்களுக்குக் கோபமே அதில்தான்.

இடையில் கல்லூரி மாறுபவர்கள் நிலையும் இதுவே. தந்தையின் உடல்நிலை காரணமாக வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் கல்லூரிக்கு மாறிய என் பழைய மாணவர் ஒருவருக்கு, கூடுதலாக எழுத வேண்டிய தாள்களின் பட்டியல், அவர் சேர்ந்து கட்டணமும் கட்டிய பிறகுதான் கையில் கொடுக்கப்பட்டது. முன்பே தெரிந்திருந்தால் அவர் வேறு கல்லூரியை எடுத்திருப்பார்.

எனவே, நேரடி இரண்டாம் ஆண்டு இடங்கள் உள்ள ஒவ்வொரு கல்லூரியும், டிப்ளமோ மாணவர் கூடுதலாகப் படிக்க வேண்டிய தாள்கள் எவை, இணைப்பு வகுப்பு எப்போது, எத்தனை மணி நேரம், ஓராண்டு தாமதமாக வருபவருக்கு விடுதியில் இடம் உண்டா என்பவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, விருப்பப் பதிவு தொடங்கும் முன்பே வெளியிட ஆணையர் அவர்கள் உத்தரவிட வேண்டுகிறேன். கலந்தாய்வுக் காலம் எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். தேவாலாவிலும் பந்தலூரிலும் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் அடிக்கடி துண்டிக்கப்படும். ஆகவே அந்தப் பக்கங்களின் அச்சுப் பிரதிகளை உதகை பாலிடெக்னிக் நூலகத்திலும் கூடலூர், பந்தலூர் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் வைக்கவும் ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கூடலூர், நீலகிரி.