கேபிள் பார்த்த 420 வேலை

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

புது கம்ப்யூட்டர் எதுவும் ஆர்டர் போடாதே. போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய். பழசு நன்றாக ஓடுகிறது; இந்தக் கடிதத்தையே அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் நீ கேட்டபோதெல்லாம் "எப்பவாவது நின்னுடுது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். உண்மையில் படுத்தி எடுத்துவிட்டது. டியூஷன் பிள்ளைகளுக்கு அடித்துவைத்த பன்னிரண்டு கணக்கு ஒரே நாளில் போச்சு. திடீரென்று எதைத் தொட்டாலும் பதில் இருக்காது. மூலையில் இருக்கிற கடிகாரமும் நின்றுவிடும். அது ஒருவகையில் வசதி. எத்தனை மணிக்கு நின்றது என்று அதுவே சொல்லிவிடும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், உச்சி வெயிலில் நின்ற மாதிரியே விடிகாலை ஐந்தரைக்கும் நின்றிருக்கிறது. அப்படியானால் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கரண்ட் போய்ப் போய் வந்து யுபிஎஸ் கத்திய நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கடைப் பையன் ஒருவன் வந்து பார்த்தான். பெட்டியின் கதவைக்கூடத் திறக்காமல், "மதர்போர்டு போயிடுச்சு டீச்சர், புதுசா வாங்கிடுங்க" என்றான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மார்க் போடுவேனா? காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முதல் வேலையாக, அப்பா ஸ்கேன் செய்துவைத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அது இல்லாமல் எதிலும் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை.

அப்புறம் அடுத்த முறை நின்றபோது கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன். கீபோர்டு விளக்கு எரிந்து அணைந்தது. மவுஸ் அம்பும் நகர்ந்தது. ஆனால் முன்பக்கத்து ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. அடியோடு உறைந்திருந்தால் கேப்ஸ் லாக் விளக்கு மாறாது. இது மூச்சோடுதான் இருக்கிறது, டிஸ்க்கிடம் எதையோ கேட்டுவிட்டுக் காத்துக்கிடக்கிறது.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்தாலும் ராமை, அதாவது கம்ப்யூட்டரின் மெமரி பலகையை, விட்டுவிடவில்லை. கழற்றி, நீ செய்வாயே அதே மாதிரி, பொன்னிறக் கால்களை ரப்பரால் துடைத்து மாட்டினேன். (ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான், பயப்படாதே.) விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனையையும் ஓட்டினேன். பழுது ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பொறுத்தேன், மறுபடி நின்றது. சரி, ராம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினேன். இரண்டு மாறிகளைச் சேர்த்து மாற்றிவிட்டு எதனால் விடை மாறியது என்று எப்படிச் சொல்வது?

விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, என் பால் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நோட்டில் இருக்கும் நேரத்தை ஒட்டியே அங்கே 129, 153 என்று எண்கள் வரிசையாக நின்றன. 153 என்றால் டிஸ்க்கிடம் கேட்டதை மறுபடி கேட்க வேண்டிவந்தது. 129 என்றால் பதிலே வராமல் டிஸ்க் இணைப்பை ரீசெட் செய்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கிறதோ என்று வயிறு கலங்கியது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமில் பார்த்தால் 05, சி5 என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்யம். கெட்டுப்போன செக்டர் (டிஸ்க்கில் தகவல் எழுதும் கட்டம்) கணக்கில் எதுவும் ஏறவில்லை. ஆனால் சி7-க்கு நேரே 1ஏ4 என்று இருந்தது. பதினாறின் அடிமானம், எனக்கு வெல்லம்! ஏ என்றால் 10. 1-க்கு 256, ஏ-க்கு 160, கடைசி 4. கூட்டினால் 420! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தகவல் போகும்போது எத்தனை முறை சிதைந்தது என்பதன் எண்ணிக்கை அது. பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். ஒரு வாரத்தில் 1சி2 ஆனது, அதாவது 450.

பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிள், பிடிப்புக் க்ளிப் இல்லாத ரகம், டிஸ்க் பக்கம் பாதி கழன்று சாய்ந்து நின்றது. பக்கக் கதவு அதை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தவன் ப்ளோயரால் தூசு அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கதவை முட்டித் தள்ளி மூடினாயே, நினைவிருக்கிறதா? நோட்டில் முதல் குறிப்பு அதற்கு நான்காம் நாள்.

இரும்பு க்ளிப் வைத்த கேபிள் ஒன்று நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பதினாறு நாள் ஆகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. சி7 அதே 1சி2-வில் இருக்கிறது. அது இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும்.

டிஸ்க் 2018-இல் வாங்கியது, அதற்கும் வயசாகிறது. தீபாவளிக்கு வரும்போது அதற்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி, அந்தச் சுழலாத டிஸ்க், வாங்கி வா. மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ டார்ச் பிடித்தால் போதும்.

அன்புடன்,
அம்மா