ஆறு பாட்டு, ஒரே இழை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே. எங்கள் அண்ணி மூன்றே வாரத்தில் போதும் என்று நிறுத்திவிட்டு இப்போது காலை மடக்க முடியாமல் கஷ்டப்படுகிறார். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.

ரிட்டயர் ஆகி என்னடா செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். பாடுகிறேன். கொயரில் பாடுவது உனக்குத் தெரிந்ததுதான், இது வேறு. ஆறு மாதமாக பீத்தோவனின் ‘ஆன் டி ஃபெர்ன கெலீப்ட’வைப் பழகுகிறேன். ‘தொலைவில் இருக்கும் காதலிக்கு’ என்று பொருள். எங்கள் ஆர்கனிஸ்டின் மகள் பியானோ வாசிக்கிறாள், சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் வைத்துப் பழகுகிறோம். இது ஒரு சாங் சைக்கிள் என்று ஃபோனில் சொன்னபோது, சாங் சைக்கிள் என்றால் ஆல்பம் மாதிரியா என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆல்பம் இல்லை. ஆல்பத்தில் மூன்றாவது பாட்டை மட்டும் போட்டுக் கேட்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. இதில் மூன்றாவதைத் தனியாக எடுக்கப் பார்த்தால் வராது, ஏனென்றால் இரண்டாவது பாட்டு முடிகிற இடம் என்று ஒன்று இல்லை. பியானோ நிற்காமல் நாலைந்து சுரத்தில் அடுத்த பாட்டின் ஸ்கேலுக்கு நடந்து போய்விடுகிறது, பாடுகிறவன் அதோடு போக வேண்டியதுதான். இப்படி ஆறு பாட்டு, சுமார் பதினைந்து நிமிஷம், ஒரே இழையில். 1816 ஏப்ரலில் வியன்னாவில் எழுதினார், அதே வருஷம் அக்டோபரில் அச்சில் வந்தது. அட்டையில் ‘லீடர்கிரைஸ்’ என்று போட்டிருந்தது. லீடர் என்றால் பாடல்கள், கிரைஸ் என்றால் வட்டம். பெரிய இசையமைப்பாளர் ஒருவர் இந்த வடிவத்தில் எழுதிய முதல் படைப்பு என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்த வட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நம் தமிழையா அந்தாதி நடத்தியது ஞாபகம் வந்தது. அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கும், நூறாவது பாட்டு ‘உதிக்கின்றவே’ என்று முடியும், இதற்கு மண்டலித்தல் என்று பெயர் என்று கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாரே. பீத்தோவன் செய்திருப்பதும் அதுதான். முதல் பாட்டில் ஒருவன் குன்றின் மேல் உட்கார்ந்து, தான் அவளைச் சந்தித்த தூரத்து வெளியைப் பார்க்கிறான். ஆறாவது பாட்டில், நான் பாடிய இந்தப் பாடல்களை வாங்கிக்கொள், நீயும் பாடு என்கிறான். பாட்டு முன்னால் நின்றால் நம்மைப் பிரித்த தூரம் விலகிவிடும் என்று சொல்கிற இடத்தில், குன்றின் மேல் பாடிய அந்த முதல் மெட்டு திரும்பி வருகிறது. கடைசியில் பியானோவும் அந்த முதல் அடியைத் தொட்டுத்தான் நிற்கிறது. ஈ ஃப்ளாட் ஸ்கேலில் தொடங்கி, நாலு பாட்டு வேறு ஸ்கேல்களில் சுற்றி, மறுபடி ஈ ஃப்ளாட். அந்த மெட்டு திரும்பும் இடத்தில் எனக்கு இன்றுவரை தொண்டை அடைக்கிறது, பழகப் பழகச் சரியாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

வரிகளை எழுதியது அலோய்ஸ் யைட்டலஸ் என்று வியன்னாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன், வயது இருபத்தொன்று. பீத்தோவனுக்கு அப்போது நாற்பத்தைந்து. காது அநேகமாகப் போய்விட்டது, முந்தின நவம்பரில் தம்பி இறந்து, தம்பி மகனை யார் வளர்ப்பது என்று தம்பி மனைவியோடு வழக்கு. அந்த மே மாதம் தன் பழைய மாணவர் ரீஸுக்கு எழுதிய கடிதத்தில், எனக்கு மனைவி இல்லை, ஒருத்தியைத்தான் கண்டேன், அவள் எனக்குக் கிடைக்கவே மாட்டாள் என்கிறார். அதனால் அந்தத் தொலைவுக் காதலி யார் என்று ஆளாளுக்குத் தேடுகிறார்கள். எனக்கு அந்தத் தேடலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வேறு ஒரு விஷயம்தான் மனதில் நிற்கிறது. இதை அவர் காணிக்கையாக்கியது இளவரசர் லோப்கோவிட்ஸுக்கு, அந்த மனிதரின் மனைவி அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தார். பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியில் ‘ஃபெர்ன’ இல்லை, ‘என்ட்ஃபெர்ன்ட’ என்று இருக்கிறது, தொலைவில் இருக்கிறவள் அல்ல, தொலைவுக்குப் போய்விட்டவள். அந்தத் தூரம் சாவின் தூரம் என்று வாசிக்கிற ஆய்வாளர்கள் உண்டு. அப்படி வாசித்துவிட்டுப் பாடிப் பார்த்தேன், இரண்டாவது பாட்டு எனக்கு முற்றிலும் வேறாகக் கேட்டது.

அந்த இரண்டாவது பாட்டைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று சரணம். முதல் சரணத்தில் மெட்டு பாடுகிறவனிடம் இருக்கிறது. நடுச் சரணத்தில், அமைதியான அந்தப் பள்ளத்தாக்கில் வலியும் வேதனையும் ஓய்ந்திருக்கின்றன என்கிற இடத்தில், மெட்டைப் பியானோவிடம் கொடுத்துவிட்டு, பாடுகிறவனுக்கு ஒரே ஒரு சுரத்தை வைத்திருக்கிறார். சரணம் முழுக்க அதே சுரம், அதுவும் மிக மெதுவான குரலில். நோட்ஸில் பார்த்தால் ஒரே கோட்டில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மழைக்கு முன்னால் கரண்ட் கம்பியில் குருவிகள் உட்கார்ந்த மாதிரி. சுலபம் என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் குரல் இறங்கத் தொடங்கிவிடும், இல்லையென்றால் அலுத்துப்போய் அழுத்தம் கூடிவிடும். அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ‘அங்கிள், நீங்க பாடாதீங்க, நான் வாசிக்கறதைக் கேட்டுக்கிட்டே சொல்லுங்க’ என்றாள். கேட்டுக்கொண்டே சொன்னேன், சரியாக வந்தது. அவன் பாடவில்லை, தன் மனதில் ஓடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். காது கேட்காத மனிதர் எழுதியது இது என்பதை நினைத்தால் அப்புறம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

சரி, சாங் சைக்கிளுக்கு இதுதான் ஆரம்பமா என்றால், பாதி ஆரம்பம் என்பது என் எண்ணம். அதே 1816-இல், கடைசி மாதங்களில், பெர்லினில் இன்னொரு வீட்டில் இன்னொன்று நடந்தது, அதைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. ஷ்டேகமன் என்ற அரசு அதிகாரியின் வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டு நாடகம் ஒன்று போட்டார்கள். லீடர்ஷ்பீல் என்று அதற்குப் பெயர், பாட்டு விளையாட்டு. ரைஹார்ட் என்ற இசையமைப்பாளர் 1800-இல் பெர்லின் மேடைக்கு என்று கொண்டுவந்த வகை அது, பிறகு வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இவர்கள் எடுத்த கதை, மாவு மில்லுக்காரர் மகள் ஒருத்தி, அவளைச் சுற்றி வருகிற ஆண்கள். பாயிசியெல்லோவின் ஆபெரா ஒன்றால் அப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைதான் (அந்த ஆபெராவிலிருந்து ஒரு மெட்டை எடுத்து பீத்தோவன் பியானோவுக்கு எழுதியதை எங்கள் ஆர்கனிஸ்ட் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசித்திருக்கிறாள்). அந்த வீட்டு மகள் ஹெட்விக் மில்லுக்காரர் மகள், ஓவியர் வில்ஹெல்ம் ஹென்செல் வேட்டைக்காரன், மில்லில் வேலைக்கு வருகிற பையன் வில்ஹெல்ம் முல்லர். முல்லர் என்றாலே ஜெர்மனில் மில்லுக்காரன்தான். அவரவர் பாத்திரத்துக்கு அவரவரே வரி எழுத வேண்டும். லுட்விக் பெர்கர் என்ற பியானோக்காரர் அதில் சில பாட்டுக்கு மெட்டுப் போட்டு அச்சிலும் கொண்டுவந்தார்.

முல்லர் அதோடு விடவில்லை. விளையாட்டுக்கு எழுதியதை வளர்த்து, மற்ற பாத்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பையன் ஒருவன் மட்டும் பேசுகிற கவிதை வரிசையாக ஆக்கிப் புத்தகமாகப் போட்டார். இந்த இடம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கூடத்தில் நாலைந்து பேர் மாறி மாறிப் பாடியதை, ஒருவன் தனியாக நின்று பாட வேண்டியதாயிற்று. அவள் என்ன சொன்னாள், வேட்டைக்காரன் எப்போது வந்தான் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. அவன் வாயிலிருந்து வருவதை வைத்து நாமேதான் கதையை ஊகிக்க வேண்டும். அவள் அவனை விரும்பினாளா என்பதே கடைசிவரை நமக்குத் தெரியாது, அவன் விரும்பினாள் என்று சொல்கிறான், அவ்வளவுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் அந்த இடைவெளியில் மறைந்திருக்கிறது.

அந்தப் புத்தகம் வியன்னாவில் ஷூபர்ட் என்ற இசையமைப்பாளர் கைக்கு வந்தது. 1823-இல் ‘டி ஷோன மியூலரின்’ (மில்லுக்கார அழகி), இருபது பாட்டு. முல்லர் முன்னுரை, பின்னுரை என்று இரண்டு வைத்திருந்தார், அதில் கவிஞர் வந்து கொஞ்சம் கேலியாகப் பேசுவார், அந்த இரண்டையும் இன்னும் மூன்று கவிதையையும் ஷூபர்ட் விட்டுவிட்டார். மிகச் சரியாகச் செய்தார் என்பேன். கேலி போனதும் அந்தப் பையனின் துக்கம் முழுத் துக்கமாகிவிட்டது. பீத்தோவன் மாதிரி பாட்டையெல்லாம் சேர்த்துத் தைக்கவும் இல்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்து நிற்கிறது, ஆனால் கதையில் வருகிற ஓடை மட்டும் பியானோவில் ஓடிக்கொண்டே இருக்கிறது, முதல் பாட்டில் துள்ளி, கடைசிப் பாட்டில் அவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறவரை. நாலு வருஷம் கழித்து அதே முல்லரின் ‘வின்டர்ரைஸ’ (குளிர்காலப் பயணம்), இருபத்துநான்கு பாட்டு, அதைப் பற்றி ஒரு பத்தியில் எழுத என்னால் ஆகாது, தனிக் கடிதம் போடுகிறேன். இரண்டாம் பாதியின் அச்சுப் பிரதியைச் சாவுப் படுக்கையில் கிடந்து திருத்தினார், 1828 நவம்பர் 19-இல் முப்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

ஒரு விஷயம் எனக்கே புதிது, படித்ததும் எழுந்து கூடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டேன். ‘மியூலரின்’ 1824-இல் அச்சில் வந்துவிட்டது. ஆனால் இருபது பாட்டையும் வரிசையாக மேடையில் ஒரே கச்சேரியில் பாடியது யூலியுஸ் ஷ்டாக்ஹௌசன் என்ற பாடகர், வியன்னாவில், 1856-இல்! முப்பத்திரண்டு வருஷம். அதுவரை கச்சேரியில் ஒன்று, இரண்டு என்று பிய்த்துத்தான் பாடியிருக்கிறார்கள். அப்போது எழுதிய ஷூபர்ட்டும் உயிரோடு இல்லை, முல்லரும் இல்லை. ஆகவே இந்த வடிவம் 1816-இல் பிறந்தது என்று எழுதினாலும், முழுசாக உட்கார்ந்து கேட்கிற கூட்டம் அதற்கு அமைய நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் ‘வின்டர்ரைஸ’வில் வருகிற ‘லின்டன்பௌம்’ (லின்டன் மரம்) பாட்டை மட்டும் உருவி எடுத்துப் பாடுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த மரம் அவனைக் கூப்பிடுகிறபோது அவன் ஏற்கெனவே எவ்வளவு தூரம் பனியில் நடந்து வந்திருக்கிறான் என்பது தெரியாவிட்டால், அது வெறும் நல்ல மெட்டு.

ஷூமன் என்ற இசையமைப்பாளரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், ஏனென்றால் அங்கேதான் பீத்தோவனின் இழை திரும்பி வருகிறது. அவர் காதலித்த கிளாராவை அவளுடைய அப்பா பார்க்கவே விடாமல் வைத்திருந்த 1836-இல் பியானோவுக்கு ‘ஃபன்டசி’ எழுதினார். அதன் முதல் பகுதி முடிகிற இடத்தில் பீத்தோவனின் ஆறாவது பாட்டு, ‘இந்தப் பாடல்களை வாங்கிக்கொள்’ என்கிற அந்த அடி, வரியில்லாமல் மெட்டாக வந்துவிட்டுப் போகிறது. வரி தெரிந்தவளுக்கு அது போதுமே. 1840 செப்டம்பரில் கல்யாணம், அந்த ஒரே வருஷத்தில் நூற்றுக்கும் மேல் பாட்டு, அதில் இரண்டு தொகுதிக்கு அவர் வைத்த பெயர் பழைய ‘லீடர்கிரைஸ்’தான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் ஜூனில் காலேஜ் சேர்ந்து வெளியூர் போகிறாள். அதற்கு முன்னால் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை அவர்கள் வீட்டிலேயே, பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, ஆறு பாட்டையும் முழுசாகப் பாடப்போகிறேன். ஜெர்மன் வரிகளுக்குத் தமிழில் பொருள் எழுதி ஆளுக்கு ஒரு தாள் கொடுக்க நினைத்திருக்கிறேன், உனக்கு முன்னாலேயே அனுப்புகிறேன், எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல். நீயும் வர வேண்டும் என்று ஆசை. நெல்லை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் போட்டுக்கொள், ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். அவர்கள் வீடு தரைத்தளம்தான், வாசலில் ஒரே ஒரு படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது, போன வாரம் உனக்காகவே பார்த்துவிட்டு வந்தேன்.

உன்
ஜெபராஜ்