சோதனை செக்ரோலிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), வங்கதேசத்தவர் போன்ற வெளிநாட்டவர் ஒளிந்திருக்கிறார்களா என்று போலீஸார் சோதனை நடத்தும் செய்திகளை அடிக்கடி படிக்கிறேன். இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில், செக்ரோல் எனப்படும் வருகை, கூலிப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பவன் நான். சோதனையை எதிர்க்கவில்லை. ஆனால் ஆளை வேலைக்குச் சேர்த்தவரை விட்டுவிட்டு, தூங்குகிறவனை எழுப்பிக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

இங்கே ஆள் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், தேவாரத்திலிருந்து ஜீப்பில் வரும் பெண்களைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வடமாநிலத்தவரை ஏஜென்ட் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவார். பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஆதார் படங்கள் வரும். பாதி மங்கலாக இருக்கும். பலவற்றில் பின்பக்கமே இருக்காது. ஒரு தோட்டத்துக்கு வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரும் முகமும் வேறான இரண்டு அட்டைகளில் ஒரே எண். ஏஜென்டைக் கேட்டால், "காய் பழுத்து வெடிக்கிறது, முதலில் ஆளை இறக்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை. அட்டையிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைச் செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

அசல் அட்டையாகவே இருந்தாலும் ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே கூறுகிறது. அதனால் போலீஸார் கடைசியில் பேச்சை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்து இளைஞர் ஒருவர் வங்காளி பேசினார் என்பதற்காக ஸ்டேஷனில் உட்கார்த்திவைக்கப்பட்டார். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் நிலப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகே விட்டார்கள். அதற்குள் ஏஜென்ட் செல்போனை அணைத்துவிட்டார். அதுவரை எடுத்த காய்க்கான கூலியும் அவரோடு போயிற்று. தில்லியில் நடந்தது இன்னும் கொடுமை. அதே மாநிலத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் 2025 ஜூனில் வங்கதேசத்துக்கு அனுப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு டிசம்பரில்தான் திரும்பி வந்தார்.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் கொடுத்து, அதில் கூலி விவரத்தை எழுதவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்பந்தக்காரருக்கு உத்தரவிட்டது. எங்கள் பகுதித் தோட்டங்களில் அப்படி ஒரு புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யக் கேரள அரசு 2023இல் அதிதி என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் பதிவு செய்யவும் ஏஜென்டுக்கு மனம் வருவதில்லை. ஆளின் பெயர் ஏறினால் அவருடைய பொறுப்பும் ஏறிவிடுமே!

முதலாளிக்கு அபராதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1986இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரின் ஆவணங்களையும் முதலாளி பார்த்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வேற்று நாட்டுச் சாயலோ உச்சரிப்போ உள்ளவர்களை, உரிமை இருந்தும், பல முதலாளிகள் ஒதுக்குகிறார்கள் என்று 1990இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே கண்டுபிடித்தது. இங்கும் அது நடக்கும். வம்பு எதற்கு என்று வங்காளி பேசுகிறவர்களையே வேண்டாம் என்பார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது தமிழ் பேசியதாலேயே தோட்ட வேலையை விட்டு மலையிறங்கியவர்கள் எங்கள் மக்கள். பாஷையைப் பார்த்து ஆளைக் கழிக்கும் வழக்கம் இந்த மலையில் மறுபடி வரக்கூடாது.

ஆகவே ஆள் சேர்க்கும் அன்றே மொழி பார்க்காமல் அனைவரின் அட்டையையும் ஸ்கேன் செய்து, தோட்ட நிர்வாகமும் ஏஜென்டும் செக்ரோலில் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் எழுந்தால் ஊரிலிருந்து ஆவணம் வரவழைக்கத் தொழிலாளிக்கு அவகாசம் தரவேண்டும். முடிவு எதுவானாலும், செய்த வேலைக்கான கூலியை நிர்வாகம் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். அடுத்த காய் எடுப்புத் தொடங்குவதற்கு முன்பே தொழிலாளர் துறை அலுவலர்கள் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து செக்ரோலைப் புரட்டிப் பார்க்கட்டும். கேட்டால் எடுத்துக் காட்ட என்னைப் போன்ற கணக்கர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக் கணக்கர் ஒருவர்,
வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்.