வீடு திரும்பிய பிள்ளைகளுக்காக ஒரு மடல்

இறையழைத்தல் பணிக்குழுவில் இருக்கும் ஃபாதர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், எல்லாப் பங்குத்தந்தையர்களுக்கும் தோத்திரம்.

இறையழைத்தலுக்காக, அதாவது குருவாகவும் துறவியாகவும் பிள்ளைகள் முன்வர வேண்டி, செபிக்கும் நல்லாயன் ஞாயிறு வருகிறது. இறையழைத்தல் முகாம் நோட்டீஸை கோயில் வாசலில் ஒட்டிவிட்டார்கள். யார் யார் வீட்டிலிருந்து பிள்ளைகளை அனுப்பப் போகிறீர்கள் என்று பூசையில் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகளைப் பற்றியும் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி பத்தாவது முடித்த கையோடு இளங்குருமடம் போனவன். மெய்யியலும் களப்பணியும் முடித்து, இறையியலுக்குப் போகும் நேரத்தில் மாதக்கணக்கில் செபித்து, ஆன்ம குருவிடம் பேசி, இது நம் வழி இல்லை என்று தெளிந்து வந்தான். பஸ் சாயங்காலமே ஊருக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் பெட்டியோடு தெருவில் நடந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று ராத்திரி ஒன்பது மணி வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். இதை அவன் என்னிடம் சொல்லவே ஒரு வருஷம் ஆனது. அம்மா அவனுடைய வெள்ளை அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பழைய சேலையில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து எட்டு மணிப் பூசைக்குப் போவதை விட்டுவிட்டு ஐந்தரை மணிப் பூசைக்குப் போக ஆரம்பித்தார்கள், அங்கே கேள்வி கேட்க ஆள் குறைவு.

அந்த மாதமே ஒரு மறையுரையில், கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கலாமா என்று கேட்டார் ஃபாதர். அவர் இவனை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் கழுத்தைத் திருப்பிக் கடைசித் தூண் பக்கம் பார்த்தார்கள். அதற்கப்புறம் தம்பி கோயிலில் வாசகம் வாசித்ததே இல்லை.

கன்னியர் மடத்திலிருந்து திரும்பி வரும் பெண்பிள்ளைகள் படும் பாடு இதைவிட மோசம், வரன் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஃபாதர், பயிற்சிக் காலம் என்று வருஷக்கணக்கில் வைத்திருப்பதே சோதித்துத் தெளிவதற்குத்தானே? மடத்தில் முதல் கட்டப் பயிற்சியில் இருக்கும் நவதுறவி விருப்பம்போல விலகிப் போகலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. திருச்சபை மனதாரக் கொடுத்திருக்கிற சுதந்திரம் அது, நம் ஊரில் மட்டும் ஏன் குற்றமாகிவிட்டது? இறையழைத்தல் என்றால் அங்கி, மடம் இரண்டே இரண்டு என்று பிள்ளைகளின் காதில் போட்டே வளர்த்ததால்தான் என்று நினைக்கிறேன். இறையழைத்தலுக்காக வேண்டுதல் செய்யும் இந்த ஞாயிறு தொடங்கியது 1964-ல். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி எழுதிய ஏடு வெளிவந்ததும் அதே வருஷம்தான். அதில் தூய வாழ்வுக்கு எல்லாரும் அழைக்கப்பட்டிருக்கிறோம் என்று ஓர் அதிகாரம் முழுக்க இருக்கிறது, ஐந்தாவது அதிகாரம். துறவியரைப் பற்றிய அதிகாரம் அதற்கு அடுத்தது. இந்த வரிசையிலேயே மறையுரையும் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிரான்ஸ் நாட்டுப் புனிதர் சிறுமலர் தெரேசாவின் அப்பா லூயி மார்ட்டின், துறவியாகப் போய், இலத்தீன் தெரியாததால் சேர முடியாமல் திரும்பியவர். அம்மா செலியையும் மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. கடிகாரம் செய்தும் லேஸ் பின்னியும் பிழைத்த அந்தத் தம்பதியை 2015-ல் புனிதர்கள் என்று அறிவித்தார்கள். அவர்கள் மகள் லெயோனி மூன்று தடவை மடத்தை விட்டு வந்தவர், நாலாவது தடவை, 1899-ல்தான் நிலைத்தார். மூன்று தடவையும் குடும்பம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு அவரையும் புனிதராக்கும் பணி நடக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, நம் தேவசகாயம் யார்? கல்யாணமானவர், அரண்மனை உத்தியோகஸ்தர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, ஏழே வருஷத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கி போடாத அந்த மனுஷனுக்கு 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஊர் ஊராக வெடி போட்டோமே.

ஆகவே ஒரு பிள்ளை திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டால், அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பங்குத்தந்தையின் வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்தாலே தெரு பாதி அடங்கிவிடும். குருமடத்து அதிபர்களும் பெட்டியோடு அனுப்பிவிட்டு மறந்துவிடாமல், மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஒரு வழி காட்டுங்கள். இருபத்தைந்து வயதில் முதலிலிருந்து ஆரம்பிப்பது லேசில்லை.

என் தம்பி இப்போது ஒரு மெடிக்கல் ஷாப்பில் கணக்குப் பார்க்கிறான். கடையை மூடிவிட்டு, எங்கள் தெருவில் தனியாகக் கிடக்கும் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி வாங்கிப் போய் ஊட்டிவிட்டு, செபமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான், ஒரு நாளும் தவறியதில்லை. எங்கள் பங்குத்தந்தை இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஃபாதர், இந்த நல்லாயன் ஞாயிறு எட்டு மணிப் பூசையில் முதல் வாசகத்துக்கு அவனைக் கூப்பிடுங்கள். அம்மாவை நான் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
அவனுடைய அக்கா